சொல் கேளுங்கள்: நாம் குடியிருக்கும் லயம்

கேள்வி: இசைப் பாடத்தில் 'லயம்' என்றால் பாட்டின் காலப்போக்கு என்று படித்தோம். எங்கள் தேயிலைத் தோட்டக் குடியிருப்பையும் லயம் என்றே சொல்கிறோம். தப்பு என்னும் பறையை அடித்துப் பாடி ஒற்றுமையாக வாழ்ந்ததால் குடியிருப்புக்கும் அந்தப் பெயர் வந்ததாக ஒரு பெரியவர் விளக்கினார். இது சரியா?
– மாணவி, ஹட்டன்

பதில்: பெரியவரின் விளக்கம் தம் மக்கள்மீது கொண்ட அன்பிலே பிறந்தது, ஆயினும் அதை ஏற்பதற்கில்லை. ஒலியால் ஒன்றுபட்டாலும் இவை இருவேறு சொற்கள்.

இசையிலுள்ள லயம் வடமொழிச் சொல். ஒட்டுதல், கரைதல், ஒடுங்குதல் என்னும் பொருள்களைத் தரும் 'லீ' என்பது அதன் வினையடி. மனம் ஒன்றிலே கரைந்து நிற்பதை 'லயித்தல்' என்பதும், 'சுருதி மாதா, லயம் பிதா' என்று பாட்டு ஆசிரியர்கள் சொல்வதும் இதனைக் கொண்டே.

நம் குடியிருப்பின் லயமோ ஆங்கில 'லைன்'. ஆளிச்செடி நாரில் திரித்த நூலைக் குறித்த 'லீனியா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, கோடு என்றும் வரிசை என்றும் பொருள் விரிந்தது. பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் படைவீரர்களை வரிசையாகக் குடியமர்த்திய இடங்கள் 'லைன்ஸ்' எனப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்துக் கோப்பித் தோட்டத் துரைமாரும் தொழிலாளருக்குக் கட்டிய அறை வரிசைகளை அப்படியே அழைத்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, மலையெங்கும் தேயிலை வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் (அறையும்) பெயரும் மாறவில்லை.

'லைன்' எப்படி 'லயம்' ஆனது என்பதுதான் எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிற பகுதி. 'லயின்', 'லயன்' என்னும் வடிவங்கள் இன்றும் வழங்குகின்றன. நிலம் 'நிலன்' என்றும் அறம் 'அறன்' என்றும் வருவதைக் கடைப்போலி என்று படித்திருப்பீர்கள். 'லயன்' பக்கத்தில் 'லயம்' நிற்பதும் அதே போக்குத்தான். 'மரத்தில்' என்பதுபோல 'லயத்தில்' என்றும், 'லயத்து வாசல்', 'மேல் லயம்' என்றும் பேசிய நம் பாட்டிமார் பலர் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. ஆனால் வந்த சொல்லைத் தமிழ் வேற்றுமைக்குள் பிழையறப் பொருத்திவிட்டார்கள். அந்த வாசலில் ஏறினால் இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை. அது ஒல்லாந்தரின் 'ஸ்தூப்'. அதற்கு அப்பால் உள்ள காம்பரா போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது.

குதிரை கட்டும் 'லாயம்' என்பதே லயமாயிற்று என்றும் சிலர் சினத்தோடு சொல்வதுண்டு. அந்தச் சினத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆயினும் நெடிலோடு நிற்கும் அச்சொல் வேறு.

ஐயம் வரும்போது வினையாக்கிப் பாருங்கள். இசையின் லயத்திலிருந்து 'லயித்தாள்' பிறக்கும். குடியிருப்பின் லயத்திலிருந்து எந்த வினையும் பிறக்காது. காமன் கூத்து நாளில் 'மேல் லயத்துத் தப்பு லயம் தப்பாமல் கேட்கிறது' என்று ஒருவர் சொன்னால், எது எந்த லயம் என்று நம் தோட்டத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும்.