மத்திய அரசுதான் பணம் தருகிறதே, பழைய குடிநீர்க் குழாயை மாற்ற எங்களிடம் ஏன் டெபாசிட் கேட்கிறார்கள்?

கேட்டவர் ஊரில் 50 ஆண்டுப் பழைய குழாய்களை மாற்றப் போகிறார்களாம். அதற்கு டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள், மாதக் கட்டணமும் ஏறப்போகிறது. கோபம் நியாயம்தான். ஆனால் கோபப்பட வேண்டிய இடம் வேறு.

மத்திய அரசு முழுப் பணத்தையும் தருவதில்லை. நகரக் குடிநீர், சாக்கடைப் பணிகளுக்காக 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 என்ற மத்திய அரசுத் திட்டத்தில், 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்கு மத்தியப் பங்கு 25 சதவீதம்தான். ஒரு லட்சம் முதல் 10 லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் சிறிய ஊருக்குப் பாதி. அதுவும் 20, 40, 40 சதவீதம் என்று மூன்று தவணையாக வரும். மீதியை மாநில அரசும் மாநகராட்சியும் போட வேண்டும். மாநகராட்சி போடுவது பெரும்பாலும் கடன் வாங்கித்தான்.

கடன் என்றதும் பதறாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கோடி ரூபாய், 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்தால் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது சுமார் 10 கோடியே 19 லட்சம். 2 லட்சம் இணைப்பு உள்ள ஊரில் ஓர் இணைப்புக்கு மாதம் 42 ரூபாய் சொச்சம். ஏறத்தாழ ஒரு கேன் தண்ணீரின் விலை.

டெபாசிட்டும் புதிதல்ல. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் வாங்கித்தான் வேலையைத் தொடங்கினார்கள். மக்கள் முதலில் பணம் கட்டியதால்தான் கடன் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வந்தது. பணத்தைத் தனிக்கணக்கில் வைப்பது இதில் முக்கியம். உங்கள் ஊரில் டெபாசிட் பொதுநிதியில் கலக்கிறதா, குடிநீருக்கென்று தனிக்கணக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். பொதுநிதியில் கலந்தால் அது சம்பளத்துக்கும் ஓய்வூதிய பாக்கிக்கும் போய்விடும்.

'தனியார்மயத்துக்கு வக்காலத்து' என்று யாராவது பின்னூட்டம் போடுமுன் சொல்லிவிடுகிறேன்: அரசே நடத்தினாலும் பம்புக்கு மின்கட்டணம் உண்டு, வால்வுக்குப் பராமரிப்பு உண்டு. ஏழை வீட்டுக்கு டெபாசிட்டைத் தவணையில் வாங்கலாம், தள்ளுபடியும் செய்யலாம். எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டு யாருக்கும் தண்ணீர் வராமல் இருப்பதைத்தான் ஏற்க முடியாது.

கோபப்பட வேண்டியது திட்டத்தின் செலவு மதிப்பீட்டின் மீது. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது வீட்டு இணைப்பு. தெருவில் புது டிஐ (இரும்பு) குழாயோ ஹெச்டிபிஇ (பிளாஸ்டிக்) குழாயோ போட்டுவிட்டு, அதிலிருந்து வீட்டுக்குப் போகும் துருப்பிடித்த அரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அப்படியே மாட்டிவிடுவார்கள். புதுக் குழாயில் அழுத்தம் கூடியதும் அந்த ஜிஐ குழாய் உடையும். கசிவில் பெரும்பகுதி நடப்பதே, மெயின் எனும் தெருக் குழாயில் ஃபெரூல் (வீட்டு இணைப்பை எடுக்கும் சிறு பித்தளைப் பொருத்தி) போடும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும்தான். ஆகவே மெயின், ஃபெரூல், வீட்டுக்குப் போகும் எம்டிபிஇ (பிளாஸ்டிக்) குழாய், மீட்டர் நான்கும் ஒரே டெண்டரில் வர வேண்டும். பழைய வார்ப்பிரும்பு லைனை இரு முனையிலும் வெட்டி அடைப்பதற்கும் தொகை ஒதுக்கியிருக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் மாற்றப்படாத இணைப்புகள் அதிலேயே ஓடும். தண்ணீர் விடாத நேரத்தில் உள்ளே அழுத்தம் இறங்கி, பக்கத்துச் சாக்கடைக் கசிவை உறிஞ்சும்.

அடுத்தது அளவீடு. ஒவ்வொரு பகுதிக்கும் நுழைவில் ஒரு பெரிய மீட்டர் இல்லாமல் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லவே முடியாது. நாளுக்கு 10 கோடி லிட்டர் விடும் ஊரில் 40 சதவீத இழப்பை, மத்திய அரசு வைத்திருக்கும் 20 சதவீத இலக்குக்குக் கொண்டுவந்தால் 2 கோடி லிட்டர் மிஞ்சும். உராய்வையும் சேர்த்து 100 மீட்டர் ஏற்றுவதாக வைத்தால், பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதையும் சேர்த்து அந்தத் தண்ணீருக்கு மட்டும் நாளுக்குச் சுமார் 8,400 யூனிட் மின்சாரம். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கு மிக அருகில். கடன் தவணையில் கால்வாசி அதிலேயே வந்துவிடும். ஆனாலும் மேல்நிலைத் தொட்டி கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம் என்பதால் பணம் அங்கேதான் முதலில் போகிறது.

சாலை போடுபவர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே ஊற்றுகிறார்கள். வால்வு மூடியெல்லாம் தாருக்கு அடியில் போய்விடுகிறது. ஒரு கசிவை நிறுத்த ஒரு தெருவை மூட வேண்டிய இடத்தில், வால்வு அகப்படாமல் ஒரு வார்டையே மூடுகிறார்கள். வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்து மழைநீர் சம்புக்குள் இறங்குகிறது. இதையெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லியும் கேட்பார் இல்லை.

வார்டு கூட்டத்துக்குப் போனால் திட்ட அறிக்கையின் மதிப்பீட்டுப் பக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு இணைப்பு எத்தனை, பழைய லைன் எத்தனை மீட்டர் அடைக்கப்படும், சாலை வெட்டைச் சீரமைக்க எவ்வளவு, பெரிய மீட்டர் எத்தனை என்று பாருங்கள். பராமரிப்புக்கு மானியம் கிடையாது என்பதால் அந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். புதுக் குழாயில் தண்ணீர் விட்ட முதல் சில மாதங்களில் பழைய லைனோடு சேரும் மூட்டுகள் அடிக்கடி விடும். உடைப்பை அடைக்கும் ரிப்பேர் கிளாம்பும் குழாய்களை இணைக்கும் காலரும் அளவுவாரியாக ஸ்டோரில் இருப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.