ஆறாவது ஸ்டார்ட்டர் தேறுவானா?

கேள்வி: நான் ஆதரிக்கும் மேஜர் லீக் பேஸ்பால் அணியின் டிரிபிள்-ஏ (மேஜர் லீகுக்கு அடுத்த கீழ்ப் படி) கிளையில் 23 வயதுப் பையன் ஒருவன் வீசுகிறான். வலது கை. ஃபாஸ்ட்பால் 96 மைல் வேகத்தில் வருகிறது, ஸ்லைடரும் (பக்கவாட்டில் வளையும் பந்து) அருமை. ஆனால் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவன் கணக்கில் சேரும் ரன்) ஐந்தைத் தாண்டிவிட்டது, நூறு பேட்டர்களில் 11 பேருக்கு வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்) கொடுக்கிறான். இருந்தும் மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த சீசனில், வழக்கமான ஐந்து ஸ்டார்ட்டர்களுக்கு (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்கள்) அடுத்த ஆறாவது ஆளாக இவனை நம்பலாமா?

பதில்: முதலில் அந்த ஈஆர்ஏவை ஓரமாக வையுங்கள். எந்த ஊர் மைதானம் என்று நீங்கள் எழுதவில்லை. பசிபிக் கோஸ்ட் லீக் என்ற டிரிபிள்-ஏ லீகில், அதிலும் ரீனோ, அல்புகர்க்கி மாதிரி மேட்டு நிலத்து ஊர்களில் வீசுகிறான் என்றால் ஐந்து ஒன்றும் கேவலமான எண் இல்லை. அல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. ஸ்லைடர் வளைய வேண்டிய அளவு வளையாது, வேலிக்கு முன்னால் விழ வேண்டிய பந்து வேலியைத் தாண்டிப் போகும்.

மேட்டு ஊர் இல்லாவிட்டாலும் அந்த எண்ணை வைத்து ஒருவரைத் தள்ளிவிட முடியாது. கோரி குளூபர் 2011-ல் கொலம்பஸ் அணிக்காக டிரிபிள்-ஏ ஆடியபோது அவருடைய ஈஆர்ஏவும் ஐந்துக்கு மேல்தான். அடுத்த ஆண்டு சிங்கர் பந்து (கீழே இறங்கும் ஃபாஸ்ட்பால்) கைக்குப் பழகியது. 2014-லும் 2017-லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். உங்கள் பையனும் குளூபர் ஆகிவிடுவான் என்று நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!

எனக்கு உறுத்துவது அந்த 11 தான். மேஜர் லீகில் சமீப ஆண்டுகளில் நூறு பேட்டர்களுக்குச் சுமார் 22 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), எட்டு வாக் என்பதுதான் சராசரி. கீழே 11 வாக் கொடுப்பவன் மேலே போனதும் அதைக் குறைப்பது அபூர்வம். டிரிபிள்-ஏ பேட்டர் ஆசைப்பட்டு மட்டையை வீசுகிற அந்த வெளிப்பக்க ஸ்லைடரை மேஜர் லீக் பேட்டர் சும்மா விட்டுவிடுவார். அப்புறம் நான்காவது இன்னிங்ஸிலேயே 85 பந்துகள் ஆகிவிடும், புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் இடம்) ஆள் எழுந்து கையைச் சுழற்ற ஆரம்பித்துவிடுவார்.

இந்த வேலை என்ன என்பதையும் யோசியுங்கள். சீசனில் 162 ஆட்டங்கள். 2003-ல் சியாட்டில் மரைனர்ஸ் ஐந்தே ஸ்டார்ட்டர்களை வைத்து அத்தனை ஆட்டங்களையும் முடித்தார்கள். அது அதிசயம். சாதாரணமாக எட்டு, பத்துப் பேர் தேவைப்படுவார்கள். ஒருவருக்கு முழங்கைத் தசைநாருக்கான டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஆள் கிடையாது. அந்த இடத்துக்கு, நேற்று இரவு சொல்லி இன்று விமானம் ஏறி வருகிறவன் ஐந்து இன்னிங்ஸ் வீசி மூன்று ரன்னுக்குள் நிறுத்தினால் போதும். அவனுடைய மிகச் சிறந்த நாள் எப்படி இருக்கும் என்பது எனக்கு முக்கியமே இல்லை. பந்து கைக்கு வராத நாளிலும் ஐந்து இன்னிங்ஸ் ஓட்டுவானா?

அதற்கு மூன்றாவது பந்து ஒன்று வேண்டும். வலது கைக்காரரின் ஸ்லைடர் இடது கை பேட்டரின் மட்டையை நோக்கி வளைந்து வரும். எதிரணி இடது கைக்காரர்களாகப் பார்த்து இறக்கும். சேஞ்ச்அப்போ (வேகம் குறைந்த ஏமாற்றுப் பந்து) கட்டரோ (கடைசியில் லேசாக வளையும் ஃபாஸ்ட்பால்) இல்லாவிட்டால் பேட்டர்கள் இரண்டாவது சுற்று வரும்போதே பிடித்துவிடுவார்கள், மூன்றாவது சுற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிரிக்கெட்டில் புதுப் பந்தில் நாலு ஓவர் மிரட்டுகிறவர் வேறு, பழைய பந்தில் மாலை நேர ஸ்பெல் போடுகிறவர் வேறு இல்லையா, அதே கதைதான்.

நான் டிரிபிள்-ஏ ஆட்டம் பார்க்கும்போது முதல் இரண்டு இன்னிங்ஸுக்கு ஒரு கண்தான் கொடுப்பேன். நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான் நோட்டை எடுப்பேன். 96 அப்போது 93 ஆகிவிட்டதா? இரண்டு பால் (தவறான பந்து), ஸ்ட்ரைக் (சரியான பந்து) எதுவும் இல்லை, எதிரே இடது கை பேட்டர், முதல் பேஸில் ஆள். அந்த நேரத்தில் சேஞ்ச்அப்பை ஸ்ட்ரைக்காகப் போட்டானா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு ஃபாஸ்ட்பால்தானா? ஒரே ஆட்டத்தில் இது இரண்டு மூன்று முறை நடக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், இப்போதைக்கு எட்டாவது ஆள். வாக் ஒன்பதுக்கு இறங்கினால் ஆறாவது.

கேள்வி: இரண்டே பந்துதான் என்றால் இப்போதே ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்) ஆக்கிவிடலாமே? ஒரு இன்னிங்ஸ் என்றால் 98 மைல்கூட வருமே?

பதில்: வரும். கடைசியில் அங்கேதான் போவான் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நானும் கட்டுவேன். ஆனால் அவசரம் என்ன? 40 பேர் பட்டியலில் சேர்ந்தவனுக்குப் பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள் உண்டு. அதுவரை வேறு அணி கொத்திக்கொண்டு போகும் பயமில்லாமல் கீழே அனுப்பலாம், மேலே கூப்பிடலாம். 2022 முதல் ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்ப முடியாது. கீழே போன பிட்சரும், காயமடைந்தவருக்கு மாற்றாக வந்தால் தவிர, 15 நாள் அங்கேயே இருக்க வேண்டும். ரிலீவராக மாற்றுவது எப்போது வேண்டுமானாலும் முடிகிற காரியம். ஒரு வருடம் புல்பென்னில் இருந்தவனைத் திரும்ப 90 பந்து வீச வைப்பதுதான் பெரும்பாடு.

நடு வழியும் இருக்கிறது. 2018-ல் டாம்பா பே ரேஸ் முதல் இன்னிங்ஸுக்கு ரிலீவர் ஒருவரை இறக்கிவிட்டு, அப்புறம் ரையன் யார்ப்ரோவைக் கொண்டுவந்தது. எதிரணியின் முதல் மூன்று நான்கு பேட்டர்களை அவர் ஒரு முறை குறைவாகச் சந்தித்தால் போதும். அந்த வருடம் அவருக்கு 16 வெற்றிகள்.

கேள்வி: சின்னப் பையன்களை நம்புவதைவிட, அனுபவசாலி ஒருவரை மைனர் லீக் (கீழ்நிலை லீக்) ஒப்பந்தத்தில் எடுத்து வைத்தால் என்ன?

பதில்: எடுக்கட்டும், ஆனால் பையனும் இருக்கட்டும். பிட்சர் ஆரன் ஸ்மாலை 2005-ல் யாங்கீஸ் வேறு வழியில்லாமல் டிரிபிள்-ஏவிலிருந்து கூப்பிட்டது. 33 வயது. பத்து வெற்றி, தோல்வியே இல்லை. மறு வருடம் ஒரு வெற்றிகூட இல்லை. தவிர, இப்படிப்பட்ட அனுபவசாலிகளின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் விலகிப் போகும் தேதி ஒன்று இருக்கும். அதற்குள் மேலே கூப்பிடாவிட்டால் வேறு அணியைப் பார்த்துப் போய்விடுவார்.