செயின்ட் லூயிஸ் போகலாம், கார்டைத் தேய்க்காமல்

கேள்வி: சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஜூலையில் ஒரு வார இறுதிக்கு, குழந்தைகளோடு ஆறு பேராகச் செயின்ட் லூயிஸ் போக நினைக்கிறோம். டல்லாஸிலிருந்து மைத்துனர் குடும்பமும் அங்கே வந்து சேர்ந்துகொள்ளும். கேட்வே ஆர்ச் என்ற ராட்சத வளைவு அருகே ஓட்டல், இரண்டு இரவு. எங்களுக்கு 1,700 டாலர், அவர்களுக்கு 900 டாலர் ஆகும். வழக்கம்போல் மொத்தத்தையும் என் கார்டில் போட்டால் பாயின்ட் வரும். போன பயணத்தில் அவர்கள் பங்கு இன்னும் வரவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கார்டில் ஏற்கெனவே 5,800 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். புது டிராவல் கார்டு எடுக்கலாமா, ஓட்டல் தளத்தில் தரும் நாலு தவணை வசதியை எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களைக் கடிப்பது ஓட்டல் வாடகை இல்லை. 'முதலில் என் கார்டில் போடுவோம், அப்புறம் கணக்குப் பார்ப்போம்' என்ற பழக்கம்தான். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 2,600 டாலருக்கு இரண்டு சதவீதம் திரும்பக் கிடைத்தாலும் 52 டாலர். 24 சதவீத வட்டி என்றால் மாதத்துக்கு இரண்டு. ஆக அந்த 2,600 மேல் முதல் மாத வட்டியே 52. இரண்டாம் மாதத்திலிருந்து கைக்காசு போகிறது. பழைய பாக்கிக்கு மாதம் 116 டாலர் வட்டி தனி.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பாக்கி வைத்திருக்கும் கார்டில் வட்டியில்லாத அவகாசம் பொதுவாகப் போய்விடும். புதிதாக வாங்குவதற்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும். அடுத்த பில்லில் பயணச் செலவை மட்டும் கட்டிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. குறைந்தபட்சத் தொகை என்பது பெரும்பாலும் வட்டியோடு அசலில் ஒரு சதவீதம். உங்களுக்கு 174 டாலர் கட்டினால் அசலில் குறைவது 58 மட்டும்.

புது டிராவல் கார்டுகள் மூன்று மாதத்தில் சில ஆயிரம் டாலர் செலவழித்தால் போனஸ் என்கின்றன. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு அது லாபம். பாக்கி வைத்திருப்பவருக்கு அது இன்னும் செலவு செய்யச் சொல்லும் தூண்டில். நாலு தவணை வசதியும் கடன்தான். உங்கள் கடன் பட்டியலில் இன்னொரு வரி எதற்கு?

மைத்துனரிடம் பழைய பணத்தை இப்போதே கேட்டு மனக்கசப்பு வளர்க்க வேண்டாம். இந்த முறை தேய்க்காமல் இருந்தால் போதும். ஓட்டல் லிங்க்கை அனுப்பி, "மச்சான், உங்க ரூமை உங்க கார்டுலயே போட்டுடுங்க, ஒரே மாடியில கேட்டுக்கலாம்" என்று எழுதுங்கள். பொதுச் சாப்பாட்டுக்குக் குடும்பத்துக்கு 150 டாலர் என்று கிளம்பும் முன்பே ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்ற வசதி வழியாக வாங்கி வைத்துவிடுங்கள். முன்பணமாகக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வசூல் செய்யப் போனால்தான் சங்கடம்.

இனி 1,700 என்பது ஏன்? செயின்ட் லூயிஸைப் போல் காசு மிச்சப்படுத்தும் ஊர் அந்தப் பக்கம் குறைவு. 1904 உலகக் கண்காட்சி நடந்த ஃபாரஸ்ட் பார்க்கில் மிருகக்காட்சி சாலை, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. நகரத்தாரும் கவுண்டிக்காரர்களும் 1971-இல் ஓட்டுப் போட்டு, சொத்து வரியில் முதல் இரண்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள்; வரலாற்று அருங்காட்சியகம் பிறகு சேர்ந்தது. வெளியூர்க்காரருக்கும் அந்தப் பலன் உண்டு. காசு கரைவது மிருகக்காட்சி சாலையின் பார்க்கிங்கிலும் உள்ளே ஓடும் குட்டி ரயிலிலும்தான். காலையில் சீக்கிரம் போனால் பார்க்கின் தெருவோரத்திலேயே இலவசமாக நிறுத்தலாம்; ஜூலை வெயிலுக்கும் அதுவே சரி.

ஓட்டலை நடுநகரில் எடுக்காதீர்கள். வாடகைக்கு மேல் 15 சதவீதத்தைத் தாண்டும் வரி, ராத்திரிப் பார்க்கிங் தனி. மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இல்லினாயில் காலின்ஸ்வில்லில் பார்க்கிங்கும் காலை உணவும் சேர்ந்த அறைகள் உண்டு. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கஹோக்கியா மண்மேடுகளும் அங்கேதான். பெரிய மேடு சுமார் 100 அடி, படிக்கட்டு நீளம். அப்பா, அம்மா கீழிருந்து பார்க்கட்டும்.

சனி காலை 6 மணிக்குக் கிளம்பி ஐ-55 நெடுஞ்சாலையில் போனால் ஏறக்குறைய நாலரை மணி நேரம். ஒரு இரவு போதும். இரண்டு அறைக்கு வரியோடு 320, போக வர 600 மைலுக்குப் பெட்ரோல் 90, சாப்பாடு 150, பார்க்கிங் சில்லறை 20, ஆர்ச்சின் உச்சிக்கு ஏற்றிச் செல்லும் டிராம் உங்கள் நால்வருக்கு சுமார் 70. மொத்தம் 650.

டிராமில் பெரியவர்களை ஏற்ற வேண்டாம். ஐந்து பேர் முட்டி இடிக்க உட்காரும் சின்னப் பெட்டி அது. ஏற நாலு நிமிஷம், ஆனால் ஏறும் இடத்திலும் மேலேயும் படிகள் நிறைய. ஆர்ச்சின் அடியில் இருக்கும் அருங்காட்சியகம் இலவசம், குளிர்ச்சியானது. அவர்கள் அங்கே இருக்கலாம். கோடை வார இறுதியில் டிராம் டிக்கெட் தீர்ந்துவிடும், முன்கூட்டியே வாங்குங்கள்.

செலவை டெபிட் கார்டிலோ, பாக்கியே இல்லாத வேறு கார்டிலோ போடுங்கள். டெபிட் கொடுத்தால் ஓட்டல் வைப்புத்தொகையாகக் கொஞ்சம் முடக்கி வைக்கும். விடுவிக்கச் சில நாள் ஆகும், கணக்கில் அதற்கு இடம் வையுங்கள்.

மீதமாகும் 1,050 டாலரை 5,800 பாக்கியில் கட்டுங்கள். மிச்சம் 4,750. மாதம் 400 கட்டினால் சுமார் 14 மாதத்தில் தீரும். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் வருஷக்கணக்கில் இழுக்கும். 15 மாதம் வட்டியில்லாத பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றும் வசதி) கிடைத்தால் 3 சதவீதக் கட்டணம், சுமார் 143 டாலர், கொடுத்தும் மாற்றலாம். ஆனால் அந்தக் கார்டில் ஒரு காபி கூட வாங்கக் கூடாது.

சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: அந்த ஊர் டோஸ்டட் ரவியோலி என்ற பொரித்த பாஸ்தாவுக்குள் பெரும்பாலும் இறைச்சிதான். ஐஸ்கிரீம் போன்ற ஃப்ரோசன் கஸ்டர்டில் முட்டை மஞ்சள் கரு இருக்கும். அம்மா கையால் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.