ஈமுவின் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

கேள்வி: திருகோணமலையில் எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குப் பறக்காத பறவைகள் பற்றி ஒரு பலகை செய்கிறோம். மாணவர்கள் ஒரு படத்தை ஒட்டி, ‘ஈமு (தீக்கோழி). அவுஸ்திரேலியப் பழங்குடிகள் இட்ட பெயர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியே வைக்கலாமா? – ஓர் ஆசிரியை

பதில்: இரண்டையும் மாற்ற வேண்டும், ரீச்சர். தீக்கோழி ஆபிரிக்காவின் பறவை, ஈமு அவுஸ்திரேலியாவின் பறவை. பிள்ளைகள் இணையத்தில் எடுத்த படத்தில் முதலில் காலைப் பாருங்கள். விரல் மூன்று இருந்தால் ஈமு, இரண்டென்றால் தீக்கோழி. முட்டைப் படமும் இருந்தால் இன்னும் சுலபம்: ஈமு முட்டை கரும்பச்சை, தீக்கோழி முட்டை வெளிறிய மஞ்சள் கலந்த வெள்ளை.

பெயர்க் கதைதான் அருமையானது, அதற்குத் தாராளமாக இடம் விடுங்கள். ‘ஈமு’ அவுஸ்திரேலிய மண்ணில் பிறந்த சொல் இல்லை. போர்த்துக்கேயரின் ‘எமா’விலிருந்து வந்தது என்பதே அகராதிகள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். பாண், வாங்கு, சப்பாத்து, அலவாங்கு எல்லாவற்றையும் நமக்குத் தந்த அதே மொழி. போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

உயரமான பறவைகளைப் போர்த்துக்கேய மாலுமிகள் பொதுவாக ‘எமா’ என்றார்கள். பிரேசிலில் இன்றைக்கும் ‘எமா’ என்றால் அங்குள்ள ரியா என்ற பறவைதான். கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியப் பக்கம்) கண்ட, தலையில் கொண்டையுள்ள கசோவரி என்ற பறக்காத பறவையையும் அதே பெயரால் அழைத்தார்கள். 1597இல் ஒல்லாந்தக் கப்பலொன்று ஜாவாவிலிருந்து ஒரு கசோவரியை உயிருடன் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனபோது, ஐரோப்பியர் ‘எமு’ என்று அறிந்தது அந்தப் பறவையைத்தான். அவுஸ்திரேலியப் பறவை அப்போது அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறினார்கள். அடுத்த வருடமே லண்டனில் வந்த நூலொன்றில் அங்குள்ள பறவையின் படம் அச்சானது, ஆனால் ‘புதிய ஒல்லாந்தின் (அதாவது அவுஸ்திரேலியாவின்) கசோவரி’ என்ற பெயரில். பிறகு பெயர்கள் இடம் மாறின. மலாய்ச் சொல்லிலிருந்து வந்த ‘கசோவரி’ கொண்டைப் பறவைக்கே நிலைத்தது, ‘ஈமு’ அவுஸ்திரேலியப் பறவைக்குப் போய்ச் சேர்ந்தது.

பழங்குடிகளிடம் இந்தப் பறவைக்குப் பெயர் இல்லாமல் இருந்ததா? ஒன்றல்ல, மொழிக்கு ஒன்று இருந்தது. சிட்னிப் பகுதியில் ‘முரவுங்’, விக்டோரியாவின் ஜாஜா வுரங் மக்களிடம் ‘பரிமல்’. ஆயிரமாயிரம் ஆண்டு அதனோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயரை விட்டுவிட்டு, கடலில் வந்தவர்கள் வேறொரு பறவைக்கு வைத்த பெயரே உலகமெங்கும் பரவிவிட்டது. அந்தப் பழைய பெயர்களில் ஒன்றையாவது பலகையில் போடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

விஞ்ஞானப் பெயர் டிரோமேயஸ் நோவேஹொலண்டியே. முற்பாதி ‘ஓட்டக்காரன்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடும் பறவைக்குப் பொருத்தம்தான். பிற்பாதி ‘புதிய ஒல்லாந்தின்’ என்று பொருள்படும், அவுஸ்திரேலியாவுக்கு ஒல்லாந்தர் வைத்த பழைய பெயர் அது.

பலகையில் இப்படி எழுதலாம்: ‘ஈமு. அவுஸ்திரேலியாவின் பறக்காத பறவை, தீக்கோழிக்கு அடுத்தபடி உலகிலேயே உயரமானது. பெயர் பெரும்பாலும் போர்த்துக்கேய ‘எமா’விலிருந்து வந்தது. சிட்னிப் பகுதிப் பழங்குடிகள் இதை முரவுங் என்றார்கள். ஆண் பறவையே சுமார் எட்டு வாரம் அடைகாக்கும்.’

பக்கத்தில் ஒரு கசோவரிப் படமும் ஒட்டுங்கள், தலைக் கொண்டை நன்றாகத் தெரியவேண்டும். கீழே உலகப் படமொன்றில் லிஸ்பன், ஜாவா, ஆம்ஸ்டர்டாம், சிட்னி ஆகியவற்றைக் குறித்து நூலால் இணைத்தால், பெயர் போன வழியைத் தரம் 6 பிள்ளைகூட விரலால் தொட்டுக் காட்டும்.