வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பழம்பொருள் சந்தையால் என்ன பயன்? எங்கள் ஊரில் அப்படி ஒன்றை நடத்தலாமா?

நடத்துங்கள். கலை ரசனையைப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதை இங்கே கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். நான் பார்க்கக் கற்றது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில்தான். வெறுமனே பார்க்க வந்தவர்களையும் அங்கே யாரும் விரட்டிப் பார்த்ததில்லை.

எனாமல் தூக்குச்சட்டி கண்ணில் பட்டால் முதலில் அடியைப் பாருங்கள். சுவீடன், ஜப்பான் என்று முத்திரை இருக்கும். செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் அது 1918-க்கு முந்தையது இல்லை, அந்த நாடே அந்த வருடம்தான் உருவானது. பித்தளை அண்டாக்களில் செட்டியார் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தை அடையாளம் காட்டும் தலைப்பெழுத்துகள், வெட்டியிருக்கும்.

நிதானமாக நின்று பார்க்க வேண்டியவை ரவிவர்மா படங்கள். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து அச்சடித்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பழைய அச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை போல ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். இன்றைய ஆப்செட் நகலிலோ அச்சுக்கோத்தாற்போல் வரிசையாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் படங்களின் மேல் துணி, ஜரிகை, மணி எல்லாம் ஒட்டி லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜமாகவே சேலை உடுத்திவிட்டார்கள். ஒட்டிய கைகளின் பெயர் படத்தில் எங்கும் இருக்காது. எனக்கு அச்சைவிட அந்த வேலைதான் பெரிது. ஒரு கூட்டத்தில் இப்படி ஒரே ஒரு படத்தை நடுவில் வைத்து ஒரு மணி நேரம் பேசலாம், அலுக்காது.

தேக்குத் தூண், நிலைக்கதவு விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. செட்டியார்களின் பர்மா வியாபாரம் போனபின் பராமரிக்க வழியில்லாமல் இடிபட்ட வீடுகளிலிருந்து வந்தவை பல. அவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும்வரை இன்னொரு வீட்டைப் பிரிக்க ஆள் இருக்கும்.

உங்கள் ஊரில் தொடங்கும்போது விற்பனையை ஒதுக்கி வையுங்கள். ஆளுக்கு ஒரு பொருள், அதுவும் அவரவர் வீட்டுப் பொருள். ஆயாவின் வெற்றிலைப் பெட்டி, அப்பத்தாவின் மரவை என்னும் மரப்பாத்திரம், தாத்தாவின் கணக்கு நோட்டு, எதுவானாலும் சரி. யார் செய்தது, எதற்குப் புழங்கியது, எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டுவந்தவரே சொல்லட்டும். விலை பேச ஆரம்பித்தால் மற்ற பேச்சு நின்றுவிடும். சிலர் பழகியதும் எல்லோரையும் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது காளை வாகனச் சிவன், இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்பார். சோழர் காலத்து வார்ப்பு, 1011-ஆம் ஆண்டு. அந்தக் கையின் வளைவைப் பார்த்தால் காளையின் உயரமே தெரிந்துவிடும்.

சாமி சிலையை யாராவது கொண்டுவந்தால் கவனமாக இருங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளைப் பதிவு செய்ய வேண்டும். உரிமம் இல்லாமல் அத்தகைய பொருள்களை வியாபாரம் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடமே வாங்கி, 2014-ல் திருப்பித் தர வேண்டி வந்தது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத சிலையைக் கூட்டத்தில் வைக்காதீர்கள்.