மொரிஷியஸ்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

மொரிஷியஸில் ஒரு ஜவுளித் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன் என்று சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த நாடு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அது எவ்வளவு பெரிய நாடு? மாலத்தீவு மாதிரி தட்டையான தீவா?

மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது. முக்கியத் தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ரோட்ரிக்ஸ் தீவையும் சேர்த்தால் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். தலைநகர் போர்ட் லூயிஸ். எரிமலையால் உருவான தீவு என்பதால் நடுவில் மேட்டுநிலம் உண்டு. உயரமான சிகரம் 828 மீட்டர். 1968 மார்ச் 12இல் சுதந்திரம், 1992இல் அதே தேதியில் குடியரசு. தனியாக ராணுவம் கிடையாது.

அங்கே என்ன மொழி பேசுகிறார்கள்? தமிழை வைத்துச் சமாளிக்க முடியுமா?

முடியாது. தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் மிகக் குறைவு. ஆட்சிமொழி இன்னதென்று அரசியல் சாசனம் சொல்லவில்லை. நாடாளுமன்றத்தில் ஆங்கிலம், பத்திரிகைகளில் பெரும்பாலும் பிரெஞ்சு, வீட்டிலும் பஸ்ஸிலும் சந்தையிலும் கிரியோல். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களின் வாயில் பிறந்த மொழி அது. அதை "உடைந்த பிரெஞ்சு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. 2012இலிருந்து தொடக்கப் பள்ளிகளில் பாடமாகவும் இருக்கிறது. எங்கள் பிரிவில் தமிழர், சீனர், முஸ்லிம், கிரியோல் என்றே அழைக்கப்படும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் எல்லோரும் சண்டை போட்டதும் சமாதானமானதும் அந்த மொழியில்தான். "கி மான்யேர்?" என்றால் "எப்படி இருக்கீங்க?" இதை மட்டும் கற்றுக்கொண்டு போங்கள், முகங்கள் மலரும்.

அவர்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பது உண்மையா?

உண்மை. ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன்பின் இந்தி. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். தமிழில் பேச வராத மக்கள் அந்த ஒரு வரிக்காகத் தெருவில் இறங்கினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

தமிழர்களும் இந்துக்கள்தானே? தனித்தனியாகச் சொல்கிறார்களே?

எனக்கும் முதலில் குழப்பமாக இருந்தது. அங்கே "இந்து" என்றால் பேச்சுவழக்கில் பீகார்ப் பக்கத்திலிருந்து வந்த போஜ்புரி வம்சத்தார். தமிழர், தெலுங்கர், மராத்தியர் தங்களைத் தனியாகவே சொல்லிக்கொள்வார்கள். தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, உகாதி மூன்றுமே தேசிய விடுமுறைகள். காவடி அன்று அந்தந்த ஊர்க் கோவிலில் வாழையிலைச் சாப்பாடு போடுவார்கள். ஏழு கறிகள், "செத் கறி" என்று பெயர். எந்தச் சமூகத்தாரானாலும் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?

அருமையாக ஒத்துவரும். முருங்கைக்கீரைக்கு அங்கே "ப்ரெட் முரும்" என்று பெயர், ரசம் "ராசோன்". கடலைப்பருப்பு வடை மாதிரியே "காத்தோ பிமா", அதை வெண்ணெய் தடவிய பிரெட்டுக்குள் வைத்துத் தருவார்கள். தெருமுனையில் கண்ணாடிப் பெட்டியோடு நிற்பவரிடம் தால் பூரி கேளுங்கள். பருப்பு அடைத்த மெல்லிய பூரி, எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார். கையில் இரண்டை விரித்து, மொச்சை மாதிரியான பெரிய பயற்றுக் குழம்பும் தக்காளிக் கறியும் ஒரு கரண்டி ஊற்றி, "பிமா?" என்பார். மிளகாய் வேண்டுமா என்று கேட்கிறார். தலையை ஆட்டினால் காரம் நிஜமான காரம், ஜாக்கிரதை.

எப்போது போகலாம்?

மே முதல் நவம்பர் வரை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில், புயல் காலம். இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம்.

இத்தனை இனத்தாரும் உண்மையிலேயே ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்களா?

எப்போதும் இல்லை. சுதந்திரத்துக்குச் சற்று முன் 1968இல் கலவரம் நடந்தது. 1999இல் கிரியோல் சமூகத்தைச் சேர்ந்த கயா என்ற பாடகர் போலீஸ் காவலில் இறந்தபோது நாடே கொந்தளித்தது. ஆனால் 2020 ஜூலையில் வாகாஷியோ என்ற கப்பல் பவளப்பாறையில் தட்டிச் சில நாளில் எண்ணெய் கசிந்தபோது, யார் என்ன சாதி மதம் என்று பாராமல் ஆயிரக்கணக்கானோர் கரைக்கு ஓடிவந்தார்கள். கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, பிளாஸ்டிக் பாட்டில்கள் கட்டி மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்கள். பேதங்கள் மறைந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். அந்தக் கரை எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது.

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கரும்புத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை. தேட வழி உண்டா?

உண்டு, தேடுங்கள். தமிழர்கள் முதலில் போனது பிரெஞ்சுக்காரர் காலத்தில். லா பூர்தொனே 1735இல் ஆளுநராக வந்து துறைமுகம் கட்டியபோது புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் போனார்கள். உங்கள் ஆள் அதற்குப் பிந்திய கூட்டம். 1810இல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர் 1835 பிப்ரவரி 1இல் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்று அதற்கு முந்தைய வருடமே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். மொத்தம் நாலரை லட்சத்துக்கும் மேல். அவர்கள் ஏறிவந்த கல்படிகள் போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் என்ற இடத்தில் இன்றும் இருக்கின்றன, 16 படிகள். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர், கப்பல் எல்லாம் எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு சிக்கல் மட்டும்: எழுத்தர் காதில் விழுந்தபடிதான் பெயர் இருக்கும். கோவிந்தன் அங்கே கோவிந்தென். அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், சுமாராக எந்த வருடம் போனார் என்பதை வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.