இன்ஸ்டாலர் தயாரிப்பைத் தானியங்கியாக்க எந்த டூல் நல்லது?

சோர்ஸ் கோடிலிருந்து இன்ஸ்டாலர் (மென்பொருளை வாடிக்கையாளரின் கணினியில் நிறுவும் கோப்பு) வரை எல்லாம் தானாக நடக்க வேண்டும், எந்த டூல் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது உங்கள் டீமில் யாரோ ஒருவர் தன் மெஷினில் ரிலீஸ் பில்ட் (கோடை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) போட்டு, கோப்புகளை ஒரு ஃபோல்டரில் அள்ளிப் போட்டு, கையால் பேக்கேஜ் செய்து அனுப்புகிறார் என்று நினைக்கிறேன். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

டூல் விஷயம் சின்னது. விண்டோஸ் என்றால் இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ், விக்ஸ் மூன்றுமே கமாண்ட் லைனில் ஓடும். வாடிக்கையாளரின் ஐடி பிரிவு எம்எஸ்ஐதான் (விண்டோஸின் சொந்த இன்ஸ்டாலர் கோப்பு வகை) வேண்டும் என்றால் விக்ஸ், இல்லையென்றால் இன்னோ போதும். விக்ஸ்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் அதில்தான் வருடக்கணக்கில் கிடக்கிறேன். "டாக்கர் (மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டூல்) இருக்க இன்ஸ்டாலர் எதற்கு" என்பவர்களுக்கு: டெஸ்க்டாப் மென்பொருள் விற்றுப் பிழைப்பவர்கள் இன்னும் இருக்கிறோம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சீனியரின் மெஷினில் மட்டும்தான் பில்ட் சரியாக வரும். அவர் நீண்ட விடுப்பில் இருந்தபோது ஒரு அவசரத் திருத்தம் வந்தது. வேறு யார் பில்ட் போட்டாலும், வாடிக்கையாளரிடம் திறந்த உடனே மென்பொருள் விழுந்துவிடும். தேடிப் பார்த்தால், ஒரு டிஎல்எல் (மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்பு) எந்த ரெப்போவிலும் (டீமின் கோடு எல்லாம் சேமிக்கும் இடம்) இல்லை, அவர் மெஷினில் மட்டும் இருக்கிறது! அப்புறம்தான் நான் இதைக் கையில் எடுத்தேன். வெறும் விண்டோஸ் மட்டும் போட்ட ஒரு விர்ச்சுவல் மெஷினில் பில்டை ஓட்டினேன். எங்கே உடைகிறதோ, அங்கே என்ன இல்லை என்று பார்த்து ஸ்கிரிப்டில் சேர்த்தேன். கம்பைலர், எஸ்டிகே, லைப்ரரி எல்லாம் எந்த வெர்ஷன் என்பது வரை அதில் எழுதினேன். ஒவ்வொரு பில்டுக்கும் புது மெஷின், முடிந்ததும் அழித்துவிடும். நீங்களும் இங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது வெர்ஷன் எண். அதை கிட் டேகிலிருந்து (ரிலீஸ் ஆகும் கோடில் ஒட்டும் பெயர்க் குறி) மட்டும் எடுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (பில்டைத் தானாக ஓட்டும் கிட்ஹப் சேவை) இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் (கோடில் செய்த மாற்றத்தின் ஒரு பதிவு) இறக்கும், டேக் வரலாறு வராது. எவ்வளவு வரலாறு இறக்க வேண்டும் என்று சொல்லும் ஃபெட்ச்-டெப்த்தை 0 என்று வைத்தால் வரும். எம்எஸ்ஐயில் இன்னொரு வம்பு: எண்ணின் நான்காம் இடத்தை (1.2.3.4 என்பதில் 4) விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒப்பிடுவதே இல்லை. அந்தப் பழைய வேலையில் நாங்கள் காலம்காலமாக நான்காம் இடத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தோம். அதனால்தான் வாடிக்கையாளரின் புரோகிராம் பட்டியலில் ஒரே மென்பொருள் இரண்டு முறை தெரிந்தது. முதல் இரண்டு இடங்களும் 255ஐத் தாண்டக் கூடாது. 2025.1.0 என்று வருடத்தை முன்னால் போடும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

எனவே புதிதாக நிறுவிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். முந்தைய வெர்ஷனை நிறுவி, அதன் மேல் புதியதை ஏற்றி, பிறகு நீக்கி, ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று பார்ப்பதையும் பில்டை ஓட்டும் சர்வரே செய்யட்டும்.

டிஜிட்டல் கையொப்பத்தில்தான் (கோப்பு யாருடையது, இடையில் மாறவில்லை என்பதற்கான சான்று) எல்லோரும் மாட்டுகிறார்கள். உள்ளே போகும் இஎக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகளுக்கு முதலில், பேக்கேஜ் ஆன பிறகு இன்ஸ்டாலருக்கு, இந்த வரிசை மாறக் கூடாது. டைம்ஸ்டாம்ப் (எப்போது கையொப்பமிட்டோம் என்ற சான்று) இல்லாமல் போட்டால், சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய இன்ஸ்டாலர்களும் செல்லாக்காசு. 2023 ஜூன் 1 முதல் கையொப்பச் சாவியை ஹார்டுவேரில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. யுஎஸ்பி டோக்கனை வாங்கி ஒருவர் லேப்டாப்பில் செருகி வைத்தால் மறுபடி பழைய கதைதான். கிளவுடில் கையொப்பமிடும் சேவையாக வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து, டேக் போட்டால் இன்ஸ்டாலர் தானாக வரும் என்ற நிலைக்குக் கொண்டுவந்த வருடம், அப்ரைசலில் எனக்குக் கிடைத்த பெயர் "புதிய வசதி எதுவும் செய்யவில்லை". பட்டன் நிறத்தை மாற்றியவருக்கு டெமோவில் கைதட்டல். பில்ட் வேலை பார்ப்பவனை, பில்ட் உடைந்தால் மட்டும்தான் மேலே இருப்பவர்களுக்குத் தெரிகிறது. சரி, அது வேறு பஞ்சாயத்து.

மேக்குக்கும் வெளியிடுகிறீர்கள் என்றால் நோட்டரைசேஷன் (மென்பொருளை ஆப்பிளுக்கு அனுப்பிச் சரிபார்ப்புப் பெறுவது) தனி வேலை. பழைய ஸ்கிரிப்ட் எதையாவது காப்பி அடிக்கும் முன் அதில் ஆல்டூல் (ஆப்பிளின் பழைய கமாண்ட்) இருக்கிறதா என்று பாருங்கள். 2023 நவம்பரிலிருந்து நோட்டரைசேஷனுக்கு அது செல்லாது, நோட்டரிடூல்தான்.